எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம்

ஓமனிலிருந்து ஒரேயடியாக ஊர் திரும்பிய ஆஸிமால் வீட்டில் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. விடியற்காலை சுபுஹுத் தொழுகை முடிந்து பள்ளிவாசலிலிருந்து வந்ததும் மொட்டை மாடிக்கு ஏறுவான். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பான். இறங்கி வந்து தண்ணீர் மோட்டாரைக் கழற்றுவான். மோட்டாருக்கு ஒரு கோளாறும் இருக்காது. துடைத்துத் திரும்ப மாட்டும்போது ஒரு வாஷர் மிஞ்சிவிடும், அதற்காக மறுபடி கழற்றுவான். ஒருநாள் ஆயிஷா குளித்துவிட்டு வருவதற்குள் ஃபிரிட்ஜை அடுப்படியிலிருந்து கூடத்துக்கு நகர்த்தியிருந்தான். பழைய இடத்திலேயே வைக்கச் சொன்னாள். முகம் கோணாமல் வைத்தான். அவன் கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

முத்துப்பேட்டையில் அவர்கள் வீட்டின் முன்னறைதான் ஆயிஷாவின் தையல் கடை. ஆஸிம் ஜிப்சம் சுரங்கத்தில் பொக்லைன் ஓட்டப் போன புதிதில், பொழுது போகட்டும் என்று ஒரே ஒரு மிஷினோடு தொடங்கியது. இப்போது மூன்று மிஷின்கள், கூடவே தைக்க அம்சம் என்கிற பெண், பெருநாள் வந்தால் நிற்க நேரமில்லாத வேலை. மகள் தஹ்மீனா எட்டாம் வகுப்புக்குப் போகிறாள். இத்தனை வருடமும் ஆஸிம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவான், இரண்டு மாதம் இருப்பான். விருந்தாளிபோல வந்தவனை விருந்தாளிபோலவே கவனித்து அனுப்பி வைத்தாள். விருந்தாளி தங்கிவிட்டால் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

கடைக்குள் வந்து நிற்பான். அளவு கொடுக்க வந்த பெண்கள் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு, "அப்புறமா வர்றேன் லாத்தா" என்று போய்விடுவார்கள். அம்சம் குனிந்த தலை நிமிராமல் தைப்பாள். ஆயிஷா ஒருநாள் பொறுக்க மாட்டாமல், "மச்சான், கொஞ்சம் வெளிய போய்ட்டு வாங்களேன்" என்றாள். அவன் உடனே செருப்பை மாட்டிக்கொண்டு போனான். மதியச் சாப்பாடு தாண்டியும் வரவில்லை. சொன்னது தப்போ என்று அவள் தையலைப் பிரித்துப் பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை அவன் மாடியில் போன் பேசியது, துணி எடுக்கப் போன அவள் காதில் விழுந்தது. அந்தப் பக்கம் பேசியது ஹாஜா மைதீன், ஊரில் பலருக்கும் விசா ஏற்பாடு செய்து கொடுக்கும் ஆள். அவர் குரல் எப்போதும் பக்கத்து வீடு வரை கேட்கும். "பாஸ்போர்ட்தான் குடுத்துட்டீங்கள்ல, இனிமே கவலைய விடுங்க. அதே சுரங்கம், வேற கம்பெனி" என்றார் அவர். ஆஸிம் மெதுவாக, "வீட்ல இன்னும் சொல்லல" என்றான்.

ஆயிஷா காய்ந்த துணிகளைக் கொடியிலேயே விட்டுவிட்டு இறங்கி வந்தாள்.

இரவு சாப்பாட்டில் அவன் சொல்வான் என்று பார்த்தாள். சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. கேட்டுவிடலாம் என்று வாயெடுக்கும்போதெல்லாம் அம்சம் இருந்தாள், தஹ்மீனா இருந்தாள், இல்லாவிட்டால் அவன் எதையாவது கழற்றிக்கொண்டிருந்தான். கேட்டால் என்ன பதில் வர வேண்டும் என்று அவளுக்கே தெளிவில்லாததும் ஒரு காரணம். போகாதே என்று சொல்லப் போகிறாளா, போ என்று சொல்லப் போகிறாளா? இரண்டுமே நெஞ்சில் முட்டிக்கொண்டு நின்றன.

வீட்டைவிட்டு எங்காவது போனால்தான் பேச முடியும் என்று கடைசியில் முடிவு செய்தாள். "ஞாயித்துக்கிழமை கோடியக்கரை போய்ட்டு வருவமா? மானெல்லாம் நிக்குதாம். தஹ்மீனா பள்ளிக்கூடத்துல கூட்டிட்டுப் போனாங்கள்ல" என்றாள்.

"போகலாமே" என்றான் ஆஸிம், மேலே எதுவும் கேட்காமல்.

தஹ்மீனாவை ஆயிஷாவின் தங்கை ஃபஹ்மிதா வீட்டில் விட்டுவிட்டு, தேங்காய்ச்சோறும் அவித்த முட்டையும் கட்டிக்கொண்டு பைக்கில் கிளம்பினார்கள். வைகாசி வெயில் காலையிலேயே ஏறிவிட்டது. தோப்புத்துறை தாண்டி, வேதாரண்யம் தாண்டி, இரண்டு பக்கமும் உப்புப் பாத்திகள் பளபளக்கும் சாலையில் காற்று முகத்தில் பிசுபிசுத்தது. ஆயிஷா பின்னால் உட்கார்ந்து, பேச வேண்டியதை மனதுக்குள் அடுக்கிக்கொண்டே வந்தாள். அடுக்கியது ஒவ்வொரு வேகத்தடைக்கும் கலைந்தது.

சரணாலய வாசலில் சீட்டு கொடுத்தவள் ஓர் இளம்பெண். காக்கி உடுப்பு, நெஞ்சில் செம்மொழி என்று பெயர்ப்பட்டை. "தண்ணி எடுத்துட்டுப் போறீங்களா அக்கா? உள்ள எங்கயும் கெடைக்காது. குட்டையெல்லாம் வத்திப் போச்சு. மிருகங்களுக்கே நாங்க டேங்கர்லதான் ஊத்துறோம்" என்றாள். ஏதாவது அவசரம் என்றால் கூப்பிடச் சொல்லித் தன் நம்பரையும் கொடுத்தாள்.

காடு ஆயிஷா நினைத்ததுபோல இல்லை. உயரமான மரங்களும் நிழலுமாக இருக்கும் என்று எண்ணியிருந்தாள். இங்கே எல்லாம் இடுப்பளவு, ஆளளவு. முள்ளும் முறுக்குமாக, கடற்காற்றில் ஒரே பக்கம் சாய்ந்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றன. கஜா புயலில் விழுந்த மரங்கள் இன்னும் வேரைத் தூக்கிக் காட்டிக்கொண்டு கிடந்தன. மண்பாதையில் பைக் வழுக்கியது. ஒரு திருப்பத்துக்கு அப்பால் காடு சட்டென்று முடிந்து வெட்டவெளி விரிந்தது. காய்ந்த புல்லில் வெளிமான்கள் நின்றன. முறுக்கிய கொம்புள்ள கிடா ஒன்று தலையை நிமிர்த்தி அவர்களைப் பார்த்தது.

"எவ்ளோ அழகு பாருங்க" என்றாள் ஆயிஷா.

"ம்." அவன் பைக்கை நிறுத்திவிட்டு ஏற்கெனவே நடக்கத் தொடங்கியிருந்தான். அவள் சோற்றுப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனாள். அவன் மானைப் பார்க்கவில்லை. எங்கேயோ போய்ச் சேர நேரமாகிவிட்டதுபோல நடந்தான். அவள் எட்டி நடந்தால் அவன் இன்னும் எட்டி நடந்தான். பேச்சை எங்கே தொடங்குவது?

"மச்சான், கொஞ்சம் நில்லுங்க. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

அவன் நின்றான். ஆனால் அவளுக்காக அல்ல. தலையை ஒருபக்கம் சாய்த்து எதையோ கேட்டான். காற்றுக்குள் தூரத்தில் ஒரு சத்தம் மெலிதாக ஏறி இறங்கியது.

"பொக்லைன்" என்றான். "லோடு எடுக்குது. எஞ்சின் திணறுது பாரு, பக்கெட்ட நெறைச்சு எடுக்குறான்."

அவன் முகம் மாறியதை ஆயிஷா பார்த்தாள். வந்த நாளிலிருந்து அந்த முகத்தில் அப்படியொரு கவனத்தை அவள் கண்டதில்லை. தன்னைப் பார்க்கும்போதுகூட.

சத்தத்தைப் பிடித்துக்கொண்டு அவன் நடக்க, மானும் புல்லும் பின்னால் போய், சதுப்பு நிலம் வந்தது. கண்ணுக்கு எட்டிய மட்டும் வெடித்த சாம்பல் நிறச் சேறு. அதன் நடுவே, காட்டுக்குள் நாக்கை நீட்டியதுபோல, ஒரு தனியார் கம்பெனியின் உப்பளம். கட்டிய கரைகள், கரைகளுக்குள் கட்டங்கட்டமாகப் பாத்திகள், பாத்திகளுக்கு அப்பால் மலைமலையாக உப்பு. வெயிலில் அந்த வெள்ளையைப் பார்க்க முடியாமல் கண் கூசியது. ஒரு மஞ்சள் இயந்திரம் உப்பு மலையை அடியிலிருந்து வாரி லாரியில் கொட்டிக்கொண்டிருந்தது. கரையோரம் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் நட்டிருந்தது. ஒரு பக்கம் வனத்துறையின் எழுத்து, மறுபக்கம் ஒன்றுமில்லை.

"அங்கயும் இப்படித்தான் ஆயிஷா" என்றான் ஆஸிம். வீடு திரும்பிய பிறகு ஓமனைப்பற்றி அவன் தானாகச் சொன்னது இதுதான் முதல் தடவை. "மலைக்கு மேல ஆடு மாதிரி ஒண்ணு நிக்கும். காட்டு ஆடு. கீழ நாங்க வெட்டிக்கிட்டே இருப்போம். அது பாட்டுக்கு எங்களப் பாத்துக்கிட்டு நிக்கும். வேலிகூடக் கெடையாது."

இதுதான் நேரம், கேட்டுவிடலாம் என்று அவள் நினைப்பதற்குள் அவன் கரையேறி இயந்திரத்தை நோக்கிப் போய்விட்டான்.

இயந்திரம் ஓட்டியவர் பஞ்சநதம் என்கிற நாற்பத்தைந்து வயதுக்காரர், தலையில் ஈரத்துண்டு. முதலில், "வெளியாளு உள்ள வரக்கூடாது பாய்" என்றார். ஆஸிம் ஏதோ கேட்டான். அவர் ஏதோ சொன்னார். அடுத்த முறை ஆயிஷா பார்த்தபோது லாரி போயிருந்தது, இரண்டு பேரும் இயந்திரத்தின் சங்கிலிச் சக்கரத்தருகே குந்தியிருந்தார்கள். உப்பில் சங்கிலி எவ்வளவு சீக்கிரம் அரிக்கும் என்று பேச்சு ஓடியது. ஆஸிம் சிரித்தான்.

வெயிலில் சோற்றுப் பையோடு நின்ற ஆயிஷாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இந்த ஆளுக்காகத்தானா இத்தனை வருடம் நாள் எண்ணினேன் என்று நினைத்தாள். அங்கே நிற்கப் பிடிக்காமல் கரையோடு எதிர்ப்பக்கம் நடந்தாள்.

கடல் தண்ணீர் வரும் வாய்க்கால் ஒன்று கல்லுக்கு அப்பால் சதுப்பில் வளைந்து ஓடியது. அதன் ஓரத்தில் பழுப்பாக ஏதோ கிடந்தது. விழுந்த மரம் என்றுதான் முதலில் நினைத்தாள். அது காதை அசைத்தது.

மட்டக்குதிரை, இந்தக் காட்டில் கூட்டமாகத் திரியும் குதிரைகளில் ஒன்று. வயிறு முங்க உளைச் சேற்றில் புதைந்திருந்தது. தலையை மட்டும் தூக்கித் தூக்கிப் போட்டது, பிறகு அதற்கும் தெம்பில்லாமல் தாடையைச் சேற்றில் சாய்த்துக்கொண்டது. சற்றுத் தள்ளி இன்னும் இரண்டு குதிரைகள் இங்கே வருவதும் விலகி ஓடுவதுமாக இருந்தன.

"மச்சான்" என்று அவள் கூப்பிட்ட கூப்பாட்டில் இரண்டு ஆண்களும் எழுந்து ஓடி வந்தார்கள்.

"தண்ணின்னு நெனச்சு வந்திருக்கும்" என்றார் பஞ்சநதம். "வாயில வச்சா உப்பு. திரும்பப் பாத்திருக்கும், மாட்டிக்கிச்சு. போன வருசமும் ஒண்ணு போச்சு."

"வண்டிய இங்க கொண்டாங்கண்ணே, பெல்ட்டு போட்டுத் தூக்கிடலாம்" என்றான் ஆஸிம்.

"கல்லுக்கு அந்தப் பக்கம் நான் வர முடியாது பாய். அது சரணாலயம். வண்டியப் புடிச்சு வச்சுருவாங்க."

ஆயிஷா செம்மொழிக்குப் போன் செய்தாள். அந்தப் பெண் ஸ்கூட்டியில் புழுதி பறக்க வந்தாள். குதிரையைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றி இடுப்பில் செருகினாள். "பெட்டைக் குதிரை. சினையா இருக்குக்கா, பாருங்க" என்றாள். அதிகாரிக்குப் போன் செய்தாள், மணி அடித்துக்கொண்டே இருந்தது. அலுவலகத்துக்குப் போட்டபோது, அவருக்கு நாகப்பட்டினத்தில் மீட்டிங் என்று யாரோ சொன்னார்கள். ஆட்களை வரவழைக்கலாம், ஆனால் டேங்கரோடு காட்டின் மறுகோடிக்குப் போயிருக்கும் அவர்கள் வந்து சேர மாலையாகிவிடும்.

"மேடம், அதுவரைக்கும் தாங்காது" என்றான் ஆஸிம்.

"எனக்கும் தெரியுது. ஆனா மிஷின் உள்ள வந்தா மொதல்ல என் வேலைதான் போகும். அவங்க கம்பெனி மேலயும் கேஸ் ஆயிரும்."

ஆஸிம் கல்லையும் கரையையும் குதிரையையும் மாறி மாறிப் பார்த்தான். "வண்டி கரையிலயே நிக்கட்டும். சக்கரம் கல்லத் தாண்டாது. கை மட்டும் நீளட்டும். மிச்ச தூரத்துக்குக் கயிறு போட்டுக்கலாம்."

செம்மொழி யோசித்தாள். "கை மட்டும் வரலாம்னு எந்த ரூல்லயும் இல்ல."

"வரக்கூடாதுன்னு இருக்கா?"

"அதுவும் இல்ல" என்றாள் அவள். பிறகு பஞ்சநதத்தைப் பார்த்து, "எடுங்கண்ணே, கேட்டா நான் சொல்லிக்கிறேன்" என்றாள்.

பாரம் தூக்க வண்டியில் வைத்திருந்த பெல்ட் உள்ளங்கை அகலம்தான் இருந்தது. அதைப் போட்டுத் தூக்கினால் வயிற்றை அறுத்துவிடும், உள்ளே குட்டி வேறு. ஆயிஷா அதைக் கையில் வாங்கி இழுத்துப் பார்த்தாள். உப்பு மூட்டை கட்டும் கொட்டகையில் காலிச் சாக்குகளும், கோணி ஊசியும் சணலும் கிடந்தன. நாலு சாக்கை மடித்து மடித்து அடுக்கி, பெல்ட்டை நடுவில் வைத்து, உட்கார்ந்த இடத்தில் தைக்கத் தொடங்கினாள். ஊசி கையில் வந்ததும் விரல்கள் தானாக ஓடின. "ரெண்டு தையல் ஓட்டு" என்று ஆஸிம் பக்கத்தில் குனிந்து சொன்னான். "எனக்குத் தெரியும், தள்ளி நில்லுங்க" என்றாள். அவன் தள்ளி நின்றான்.

ஒரு பலகையில் கயிறு கட்டிப் போட்டு அதன்மேல் வயிற்றால் ஊர்ந்து ஆஸிம் குதிரையிடம் போனான். அது மிரண்டு தலையால் இடித்தது. அவன் தன் சட்டையைக் கழற்றி அதன் கண்ணை மூடினான். பிறகு பலகையைவிட்டு இறங்கினான். சேறு அவனை இடுப்புவரை வாங்கிக்கொண்டது. குதிரையின் வயிற்றுக்கு அடியில் கையால் தோண்டித் தோண்டி பெல்ட்டைச் செலுத்தினான். முகம் சேற்றில் முங்கி முங்கி எழுந்தது. ஆயிஷா கரையில் நின்று பலகையின் கயிற்றைப் பிடித்திருந்தாள். "போதும், வாங்க, போதும்" என்று தான் சொல்லிக்கொண்டே இருப்பது அவளுக்கே தெரியவில்லை.

"தூக்குங்கண்ணே, மெல்ல" என்று ஆஸிம் கையைக் காட்டினான்.

இயந்திரத்தின் கை கல்லுக்கு மேலே நீண்டது. கயிறு விறைத்தது. முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு சேறு உறிஞ்சும் ஒரு நீண்ட சத்தம். குதிரை நாலு காலும் தொங்க மேலே வந்தது. தையல் தாங்கியது. பஞ்சநதம் அதைக் கைக்குழந்தையைப்போலத் திருப்பி, கெட்டித் தரையில் இறக்கினார். செம்மொழி ஓடிப்போய் அதன் தலையைத் தாங்கிக்கொண்டாள்.

எல்லார் கண்ணும் குதிரைமேல் இருந்தபோது ஆயிஷா மட்டும் திரும்பிப் பார்த்தாள். குதிரை இருந்த குழியைச் சேறு சுற்றிலுமிருந்து சரிந்து மூடிக்கொண்டிருந்தது. ஆஸிம் நெஞ்சுவரை உள்ளே இருந்தான். பலகை கைக்கெட்டாத தூரத்தில் நழுவிக் கிடந்தது. அவன் சத்தம் போடவில்லை. வெறுமனே அவளைப் பார்த்தான்.

ஆயிஷா செருப்பை உதறிவிட்டு, பர்தாவோடு சேற்றில் குப்புற விழுந்து பலகையைத் தள்ளிக்கொண்டு போனாள்.

"நீ வராத. அண்ணன் கயிறு போடுவாரு."

"கையக் குடுங்க."

"ஆயிஷா, சொன்னாக் கேளு."

"கையக் குடுங்கங்குறேன்." அவன் மணிக்கட்டு அவள் கைக்குள் வழுக்கி வழுக்கிப் பிடிபட்டது. பிடிபட்டதும், இத்தனை நாள் அடுக்கி அடுக்கிக் கலைந்ததெல்லாம் ஒன்றாக வெளியே வந்தது. "ஹாஜா மைதீன்கிட்ட பாஸ்போர்ட்டக் குடுத்தாச்சுல்ல? போறதுன்னா எங்கிட்ட சொல்லிட்டுப் போகணும். பொண்டாட்டி புள்ளைகிட்ட சொல்லிட்டுப் போகணும். இப்படி யாருகிட்டயும் சொல்லாம சேத்துக்குள்ள போய்டலாம்னு பாத்தீங்களா? நீங்க இங்கயும் இருக்க மாட்டீங்க, அங்கயும் இருக்க மாட்டீங்க, நான் யாரப் புடிச்சுக்கிட்டு நிக்கிறது?"

சதுப்பில் அவள் குரல் வெகுதூரம் போனது. செம்மொழி குதிரையின் காதைத் தடவிக்கொண்டே தலையைக் குனிந்துகொண்டாள். பஞ்சநதம் கேட்காதவர்போலக் கயிற்றை வீசினார். ஆஸிம் அதைக் கக்கத்தில் சுற்றிக்கொண்டான். இயந்திரம் இழுக்க, ஆயிஷா மணிக்கட்டை விடாமல் பிடித்திருக்க, இரண்டு பேரும் ஒன்றாகக் கரைக்கு வந்து சேர்ந்தார்கள்.

கம்பெனித் தொட்டியில் நல்ல தண்ணீர் இருந்தது. செம்மொழி குடம் குடமாகத் தூக்கிவந்து குதிரைக்குக் காட்டினாள். முதலில் மூக்கை நனைத்தது, பிறகு குடித்தது, குடித்துக்கொண்டே இருந்தது. முன்னங்காலை ஊன்றியது, விழுந்தது. மறுபடி ஊன்றியது. கடைசியில் எழுந்து தள்ளாடி நின்றது. யாரையும் பார்க்காமல், காத்துக்கொண்டிருந்த இரண்டு குதிரைகளின் பக்கம் மெல்ல நடந்து போனது.

கொட்டகை நிழலில் எல்லாரும் தேங்காய்ச்சோற்றைப் பங்கிட்டுச் சாப்பிட்டார்கள். செம்மொழி ரவுண்டு போக வேண்டும் என்று கிளம்பினாள். பஞ்சநதம் அடுத்த லாரிக்கு உப்பு வாரப் போனார். சேறு காய்ந்து வெடிக்கும் உடம்போடு கணவனும் மனைவியும் தனியாக இருந்தார்கள்.

"எப்ப தெரியும்?" என்று கேட்டான் ஆஸிம்.

"நீங்க மாடியில பேசினன்னைக்கே."

அவன் நகக்கண்ணிலிருந்த சேற்றைக் குச்சியால் எடுத்துக்கொண்டிருந்தான். "அந்த வீட்ல எனக்கு ஒரு வேலையும் இல்ல ஆயிஷா. எல்லாம் நீ செஞ்சு வச்சிருக்க. சுவிட்ச் எங்க இருக்குன்னு கேட்டா தஹ்மீனா சிரிக்கிறா. அங்க இருந்தப்ப வீட்டுக்கு வரணும் வரணும்னு கெடந்தேன். வந்தா, யாரு வீட்டுக்கோ வந்து ஒக்காந்திருக்குற மாதிரி இருக்கு. அதான், வெக்கமா இருந்துச்சு சொல்றதுக்கு."

அவனைத் தேற்ற வேண்டும் என்றுதான் அவள் வாயைத் திறந்தாள். வந்தது வேறு. "நீங்க நாள் பூரா வீட்ல இருந்தா எனக்கும் மூச்சு முட்டுது மச்சான். கடையில கை ஓடல. நீங்க ஒரு பொருள நகத்துனா என்னையே எடுத்து வேற எடத்துல வச்ச மாதிரி இருக்கு. சொன்னா மனசு கஷ்டப்படுவீங்கன்னு சொல்லல."

ஆஸிம் அவளை நிமிர்ந்து பார்த்தான். கோபப்படுவான் என்று நினைத்தாள். அவன் பெருமூச்சு விட்டான், ரொம்ப நேரம் அடக்கி வைத்திருந்ததை விட்டவன்போல. "அப்ப நான் மட்டும் இல்லயா" என்றான்.

"ஆனா ஓமனுக்குப் போகாதீங்க. அவ்ளோ தூரம் வேணாம். என்னால இனிமே போன்ல குடும்பம் நடத்த முடியாது."

"வீட்லயும் வேணாம், ஓமனும் வேணாம். வேற எங்க போறது?"

ஆயிஷா காலிப் பாத்திரத்தைக் கழுவிப் பையில் வைத்தாள். கிளம்பும்போது ஆஸிம் பஞ்சநதத்திடம் போய் நின்றான். மழைக்காலம் வரும்வரை அளத்தில் ஓட்டுநருக்குத் தேவை இருக்குமா என்று அவன் கேட்பது அவளுக்குக் கேட்டது. "மேனேஜர்ட்ட சொல்லிப் பாக்குறேன் பாய், ஆனா உப்புல காலு வெடிச்சுப் போகும், வீட்டம்மாகிட்ட கேட்டுக்கங்க" என்றார் அவர். ஆஸிம் திரும்பி அவளைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள்.

ஹாஜா மைதீன் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது ஊருக்கே கேட்கும்படி அலுத்துக்கொண்டார். மேனேஜர் இழுத்தடித்து ஒருவழியாக ஆஸிமை எடுத்துக்கொண்டார். கோடியக்காட்டில் இன்னும் சில ஓட்டுநர்களோடு ஓர் அறை. வியாழக்கிழமை மாலை பஸ் பிடித்து வருவான், வெள்ளிக்கிழமை ஜும்மா முடித்து, சனிக்கிழமை காலை போவான். வரும்போது சட்டை உப்புப் பூத்திருக்கும். வெடித்த குதிகாலுக்கு தஹ்மீனா எண்ணெய் தடவி விடுவாள். அளத்தில் நடந்ததையெல்லாம் வாப்பாவிடம் தோண்டித் தோண்டிக் கேட்பாள். அந்தக் குதிரை குட்டி போட்டதா என்று மகள் ஒவ்வொரு வாரமும் கேட்டாள். குட்டியோடு ஒரு குதிரையைப் பார்த்ததாகச் செம்மொழி சொன்னாளாம். ஆனால் எல்லாமே பழுப்பு, இதுதான் அது என்று அவளால் அடித்துச் சொல்ல முடியவில்லை. இயந்திரத்தின் கை எல்லை தாண்டியதற்கு அவளிடம் மேலிடத்தில் விளக்கம் கேட்டார்கள், எழுதிக் கொடுத்தாள், அதோடு விட்டார்கள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. சில வெள்ளிக்கிழமைகளில் பிற்பகலே ஆஸிம் ஸ்குரூ டிரைவரைத் தேடத் தொடங்குவான். ஆயிஷா பார்ப்பாள், பேசாமல் அவன் பையில் துணியை மடித்து வைப்பாள், அவனும் ஒரு பஸ் முன்னாலேயே கிளம்பிவிடுவான். இன்னொரு வாரம் அவன் வராமல் போனால், அவளுக்குத்தான் வெட்டிய துணியில் கணக்குத் தப்பும். அப்படித் தப்பிய ஒருநாள் கடையை அம்சத்திடம் விட்டுவிட்டு வேதாரண்யம் பஸ் ஏறிப் போய், கரையில் நின்று அவன் உப்பு வாருவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வந்தாள்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. பாத்திகளில் நல்ல தண்ணீர் ஏறி அளம் மூடியது. இனி மழை விடும்வரை வீடுதான் என்று ஆஸிம் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு நனைந்து வந்து சேர்ந்தான். மறுபடி அந்தப் பழைய நாட்கள்தானா என்று ஆயிஷாவுக்குப் பயமாக இருந்தது. அவனுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும், செருப்பைக் கழற்றுவதற்கே நேரமெடுத்துக்கொண்டான்.

டீயை அவன் கையில் கொடுத்துவிட்டு அவள் சொன்னாள்: "கடைய மாடிக்கு மாத்தலாம்னு இருக்கேன். மேல ஒரு ரூம் கட்டணும். வெளிப்பக்கமாவே படி வச்சா, வர்ற பொம்பளைங்களுக்கும் சங்கடம் இல்ல. மழை விட்டதும் ஆரம்பிப்பமா?"

"மழை விட்டா நான் அளத்துக்குப் போயிருவேனே."

"அப்ப மழையிலயே ஆரம்பிங்க."

ஆஸிம் சிரித்தான். டீயை நின்றபடியே குடித்துவிட்டு, குடையைக்கூட எடுக்காமல் மாடிக்கு ஏறினான். மேலே அவன் காலால் அளந்து நடப்பது கேட்டது. எந்தப் பக்கம் ஜன்னல் வேண்டும் என்று அவன் அங்கிருந்தே கேட்டான். ஆயிஷா கத்தரிக்கோலை வைத்துவிட்டு, துப்பட்டாவைத் தலையில் இழுத்துக்கொண்டு, காட்டுவதற்காக மேலே போனாள்.